சிபாப் யந்திரத்தின் கணக்கு யாருக்குச் சொந்தம்?

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய்க்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் முறையை 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவனும் அவருடைய சகாக்களும் உலகுக்கு அறிவித்தார்கள். சிபாப் என்று பெயர் பெற்ற அந்தச் சாதனம் இன்று நம் நாட்டிலும் நடுத்தரக் குடும்பங்களின் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. வெறும் குறட்டைதானே என்று அலட்சியம் செய்தவர்கள்கூட, பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்து, ரத்த அழுத்தமும் ஏறிய பிறகு, பல ஆயிரம் ரூபாய் செலவழித்து இதை வாங்குகிறார்கள்.

இந்த யந்திரம் காற்றை மட்டும் ஊதுவதில்லை. கணக்கும் எழுதுகிறது. எத்தனை மணிக்குப் போட்டார், எப்போது கழற்றினார், முகமூடியில் எவ்வளவு காற்று கசிந்தது, மணிக்குச் சராசரி எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று எல்லாம் பதிவாகிறது. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம்; 30-க்கு மேல் போனால் நோய் கடுமை. சில யந்திரங்கள் மூச்சோட்டத்தை நொடிக்கு 25 முறை குறித்துக்கொள்கின்றன. எட்டு மணி நேரத் தூக்கத்தில் 7,20,000 குறிப்புகள்! எந்த ஆபீஸ் லெட்ஜரிலும் இவ்வளவு பதிவு இராது.

ஆனால் இந்த லெட்ஜர் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இப்போது எழும் பிரச்னை.

கணக்கு தங்குமிடங்கள் மூன்று. யந்திரத்தின் சொந்த நினைவகம் ஒன்று. பக்கவாட்டில் செருகும் தபால்தலை அளவு அட்டை மற்றொன்று. மூன்றாவது, செல்போன் அலை வழியாகத் தினமும் செய்தி போய்ச் சேரும் கம்பெனியின் கம்ப்யூட்டர். பரவலாக விற்கும் மாடல்களில் கம்பெனிக்குப் பெரும்பாலும் போவது சுருக்கம். மூச்சோட்டத்தின் முழு விவரம் அட்டையில்தான் எழுதப்படுகிறது. அட்டை இல்லாவிட்டாலும் யந்திரம் நன்றாகவே ஓடும். ஆகவே குறை யாருக்கும் தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்து டாக்டர் கேட்கும்போதுதான் ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி, உள்ளே வைத்த சத்தம் தடுக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சோடு போகக்கூடும் என்று சொல்லி, உலகெங்கும் லட்சக்கணக்கான யந்திரங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. 2024-ல் அமெரிக்காவில் உடல்நலக் கேடு பற்றிய வழக்குகளுக்காக 110 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அதே ஆண்டு ஏற்பட்ட கோர்ட் உடன்பாட்டின்படி அந்நாட்டில் புதிய தூக்க யந்திரங்களை விற்பதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இத்தகைய வழக்கில் முதலில் எழும் கேள்வி என்ன? எந்த யந்திரம், எந்த வருஷத்திலிருந்து, இரவுக்கு எத்தனை மணி நேரம் என்பதே. அட்டையை உருவிக்கொள்ளாமல் யந்திரத்தைத் திருப்பி அனுப்பியவர் தம் சாட்சியையும் சேர்த்தே அனுப்பிவிட்டார். கம்பெனி மாறினால் கணக்கும் முறிகிறது. ஒருவருடைய அட்டையை மற்றவருடைய சாப்ட்வேர் படிப்பதில்லை.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல. தனி மனிதர் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்த ‘ஸ்லீப்பிஹெட்’ என்ற சாப்ட்வேர் பல கம்பெனிகளின் அட்டைகளையும் படித்தது. 2019-ல் அவர் விலகியதும், தொண்டர்கள் அதையே எடுத்து ‘ஆஸ்கார்’ என்ற பெயரில் நடத்தி வருகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வருஷக்கணக்கான விவரத்தை வைத்துக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் அட்டையில் உள்ளதை ரகசியக் குறியீட்டில் எழுதும் புது மாடல்களும் வந்திருக்கின்றன. நோயாளியின் மூச்சை நோயாளியிடமிருந்தே பூட்டி வைப்பது என்ன நியாயமோ!

கணக்கு மற்றவர் கையில் இருந்தால் அதுவே தடியாகவும் மாறும். அமெரிக்காவில் முதியோருக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸ், முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான 30 நாட்களில் 70 சதவீத இரவுகளாவது 4 மணி நேரம் யந்திரத்தைப் போட்டதாகக் கணக்குக் காட்டினால்தான் தொடர்ந்து பணம் தருகிறது. பிரான்ஸில் 2013-ல் இதே போன்ற உத்தரவு பிறந்தது. 2014-ல் அந்நாட்டு உச்ச நிர்வாக மன்றம் அதை ரத்து செய்தது.

மறுபுறம், அதே கணக்கு ஒருவருடைய பிழைப்பையும் காக்கும். நியூயார்க்கில் 2013 டிசம்பரில் தடம் புரண்டு 4 பேரைப் பலிகொண்ட ரயிலின் டிரைவருக்கும், ஹோபோக்கன் நிலையத்தில் 2016 செப்டம்பரில் மோதிய ரயிலின் டிரைவருக்கும் இந்த நோய் இருந்தது விபத்துக்குப் பிறகே தெரிந்தது. நோய் கண்ட டிரைவர் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து வேலைக்குத் தகுதியாக இருக்கிறார் என்று காட்ட யந்திரத்தின் கணக்கைவிட நல்ல சாட்சி ஏது?

நம் நாட்டு நிலை என்ன? மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிப்படி, உள்நோயாளியின் குறிப்புகளை டாக்டர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வீட்டில் யந்திரம் போட்டுத் தூங்குபவர் உள்நோயாளி அல்ல. 2019-ல் பார்லிமெண்டுக்கு வந்த தகவல் பாதுகாப்பு மசோதாவில், ஒருவர் தம் தகவலைக் கம்ப்யூட்டர் படிக்கும் வடிவில் வாங்கி வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2022-ல் அந்த மசோதா வாபஸாயிற்று. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உரிமை இல்லை. தகவலின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். முழுக் கணக்கையும் கையில் கொடு என்று கேட்க வழியில்லை. நோக்கம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்றுகூட அச்சட்டம் சொல்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டுள்ளது.

மாற்றலாகி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும், ரிட்டயரானதும் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ திரும்புகிறவர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல. மும்பையில் யந்திரத்தை விற்ற கடைக்காரர் தம் கணக்கில் பெயரைப் பதிந்திருப்பார். ஊரில் பார்க்கும் டாக்டருக்கு அதைத் திறக்கும் சாவி கிடையாது. எடை குறைந்திருக்கிறது, அழுத்தத்தை மாற்றலாமா என்று அவர் யோசிக்கும்போது பழைய ஐந்து வருஷக் கணக்கு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. மாதம் ஒரு முறை யந்திரத்தை நிறுத்தி அட்டையை எடுத்து, அதன் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு அதில் எதையாவது எழுதிவைக்கும். உள்ளே இருப்பதை அப்படியே, பெயர் மாற்றாமல், மொத்தமாக நகலெடுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடம் போதும். நகல் இரண்டு இடத்தில் இருப்பது நல்லது. இவ்வகை அட்டைகள் வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் தாமாகவே மறக்கக்கூடியவை. திரும்பச் செருகுமுன் தாழ்ப்பாளைத் திறக்க மறந்தால் அன்றிரவிலிருந்து ஒன்றும் பதியாது.

கூடவே ஒரு காகிதக் கோப்பும் வேண்டும்: தூக்கப் பரிசோதனை அறிக்கை, டாக்டர் எழுதிய அழுத்த அளவு, வாங்கிய ரசீது, யந்திரத்தின் அடியில் ஒட்டியுள்ள வரிசை எண்.