அம்மா கையைச் சுட்டது ரேடியேஷன் இல்லீங்க!

இதைக் கொஞ்சம் கோவத்தோடதான் எழுதறேன், முதல்லயே சொல்லிடறேன். கோவம் யார் மேலன்னு கேட்டா, முதல் ஆள் நானேதான். மிச்சத்தைப் பங்கு போட்டுக்க எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப் இருக்கு.

குர்காவ் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. ஜனவரி மாசம் இங்க விடியக்காலைல 4 டிகிரி, 5 டிகிரின்னு இறங்கும். அடுப்புல இருந்து இறக்கின சாம்பார் டைனிங் டேபிளுக்கு வர்றதுக்குள்ள ஆறிப்போகும். நானும் தங்கமணியும் வேலைக்குப் போறவங்க. பொண்ணு ஆறாவது படிக்கிறா. மதியம் ரெண்டரைக்கு ஸ்கூல் பஸ்ல இறங்கி, பூட்டைத் திறந்து, தனியாத்தான் சாப்பிடணும். எங்க மாதிரி வீட்டுலதான் காம்பினேஷன் மைக்ரோவேவ் ஓவன் வாங்கறோம். மைக்ரோவேவ், கிரில், கன்வெக்ஷன்னு மூணும் ஒரே பெட்டியில. டெமோ அன்னிக்கு ஒரு கேக், அதை ஒரு போட்டோ. அதுக்கப்புறம் வருஷம் பூரா பால் சூடு பண்ற வேலைதான். கூட வந்த கையேடு பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம அலமாரில தூங்கும். நம்மில் பல பேர் வீட்டு நிலவரம் இதுதானே?

போன பொங்கலுக்கு அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வந்திருந்தாங்க. ஒரு நாள் நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் கிளம்பின பிறகு சிலிண்டர் தீர்ந்துடுச்சு. புதுசை மாட்ட அம்மாவுக்குப் பயம். ஒரு வாய் காபிக்காக எனக்கு போன் போட வேண்டாம்னு நினைச்சு, கண்ணாடி மக்ல தண்ணிய ஊத்தி மைக்ரோவேவ்ல வெச்சிருக்காங்க. பேத்தி பண்றதைப் பார்த்த ஞாபகத்துல ரெண்டு நிமிஷம் தட்டியிருக்காங்க. "ஓடும்போது பக்கத்துல நிக்காதீங்க, ரேடியேஷன் அடிக்கும்"னு குரூப்ல வந்திருந்ததால, ஹாலுக்குப் போய் நின்னுக்கிட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா தண்ணில ஒரு குமிழி இல்ல. சூடே ஆகலை போலன்னு இன்னும் மூணு நிமிஷம். மறுபடி ஹால். மறுபடியும் குமிழி இல்ல. துணியால எடுத்து மேடையில வெச்சு, இன்ஸ்டன்ட் காபிப் பொடி ஒரு ஸ்பூன் போட்டாங்க, அவ்வளவுதான். மக்ல இருந்த தண்ணி மொத்தமும் பொங்கிப் பீறிட்டு வலது கையில. விரல்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் கொப்புளம். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து ஃபிளாட் அம்மா நல்ல மனசோட டூத்பேஸ்ட்டைத் தடவிவிட்டாங்க. டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது அம்மா பட்ட வேதனை இருக்கே... வேண்டாம்.

ஆற மூணு வாரம் ஆச்சு. குரூப்ல தீர்ப்பு மூணே நிமிஷத்துல வந்துடுச்சு. "அப்பவே சொன்னோமே, ரேடியேஷன்!" ஒரு பெரியப்பா, ரஷ்யாக்காரன் 1976-லயே இதைத் தடை பண்ணிட்டான்னு ஒரு ஃபார்வர்டு அனுப்பினார். ஒரு அத்தை, சத்தெல்லாம் செத்துப்போயிடும்னு ஒண்ணு. கை எப்படி இருக்குன்னு கேட்டவங்க ரெண்டே பேர்.

சரி, ஒவ்வொண்ணா வருவோம்.

ரேடியேஷன்ங்கிற வார்த்தைக்குள்ள சூரிய வெளிச்சமும் அடக்கம், எக்ஸ்ரேவும் அடக்கம். மைக்ரோவேவ் ஓவன்ல வர்ற அலை 2.45 கிகாஹெர்ட்ஸ். வீட்டு வைஃபைல ஒரு வகையும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான், ஓவனுக்குள்ள சக்தி மட்டும் பல ஆயிரம் மடங்கு. அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுத்து உடம்பைக் கெடுக்கிற எக்ஸ்ரே ஜாதி இல்ல இது. உணவுல இருக்கிற தண்ணி மூலக்கூறுகளை ஆட்டிச் சூடாக்குது, அவ்வளவுதான். சாப்பாட்டுல எதுவும் தங்காது. லைட்டை அணைச்சதும் ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்கா என்ன? அலையோட நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குப் பின்னாடி தெரியுதே சல்லடை, அதோட ஓட்டை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். அது வழியா அலை வெளியே வர முடியாது. அப்படியும் ஓரத்துல கசியறதுக்கு அளவு வெச்சிருக்காங்க. அமெரிக்க எஃப்.டி.ஏ. விதிப்படி, ஓவனோட ஆயுசு முழுக்க, 5 சென்டிமீட்டர் தூரத்துல அளந்தா சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. அரை மீட்டர் தள்ளி நின்னா அது ஏறக்குறைய நூத்துல ஒரு பங்காக் குறைஞ்சிடும்.

ரஷ்யக் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. 1980-கள்ல சோவியத் தொழிற்சாலைகளே இந்த ஓவனைத் தயாரிச்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. சத்து விஷயமும் இப்படித்தான். வைட்டமின் சி மாதிரியான சத்துகள் தண்ணில கரையும், நேரம் ஆக ஆகக் குறையும். நிறையத் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் வேகவெச்சு வடிச்சுக் கொட்டற பீன்ஸைவிட, ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு அஞ்சு நிமிஷத்துல வெந்த பீன்ஸ்ல சத்து அதிகமாவே நிக்கும்.

அப்போ அம்மா கையைச் சுட்டது எது? வெறும் தண்ணி! அடுப்புல சட்டி அடியில இருந்து சூடாகும், அடியில இருக்கிற கீறல்ல, சொரசொரப்புல குமிழி பிறக்கும், தண்ணி தளதளன்னு கொதிக்கும். வழவழன்னு இருக்கிற கண்ணாடி மக்ல, மைக்ரோவேவ் சூட்டுல, குமிழி பிறக்க இடமே இல்ல. தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் சத்தம் காட்டாம இருக்கும். ரெண்டாவது தடவை சூடு பண்ணினா கரைஞ்சிருந்த காத்தும் போயிருக்கும், இன்னும் மோசம். அதுல பொடியோ, ஸ்பூனோ விழுந்த கணம் மொத்தமும் ஒரே சமயத்துல கொதிச்சு வெடிக்கும். ஒரு மரக்கரண்டியோ ஐஸ்கிரீம் குச்சியோ தண்ணில போட்டு வெச்சிருந்தா, நிமிஷத்தைக் குறைச்சிருந்தா, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் விட்டிருந்தா, எதுவும் நடந்திருக்காது.

அந்த ஒரு வரியை அம்மாவுக்கு யாருமே சொல்லலை. குரூப் ரேடியேஷன்னு பயமுறுத்திச்சு. நான் "அதெல்லாம் சும்மா கதைம்மா"ன்னு சிரிச்சுட்டுப் போனேன். பயமுறுத்தினவங்களும் கத்துக்குடுக்கலை, சிரிச்ச நானும் கத்துக்குடுக்கலை. இல்லாத ஆபத்துக்குப் பயந்து ஹால்ல நின்னவங்க, நிஜ ஆபத்து இருந்த மக்கை நம்பிக் கையில எடுத்தாங்க.

இனி நிஜ ஆபத்துகளைப் பார்ப்போம். காம்பினேஷன் ஓவன்ல பெரிய சிக்கலே, ஒரு பெட்டிக்குள்ள வேற வேற சட்டம் இருக்கிறதுதான். மைக்ரோவேவ்ல எது கூடாதோ அது கன்வெக்ஷன்ல ஆகும், அங்க எது ஆகுமோ அது இங்க கூடாது.

மைக்ரோவேவ் மோடுல கண்ணாடி, பீங்கான், அதுக்குன்னு சொல்லி வித்த பிளாஸ்டிக் சரி. எவர்சில்வர் டப்பா, அலுமினியம் ஃபாயில், தங்கக் கோடு போட்ட தட்டு கூடாது, பொறி பறக்கும். மெலமைன் தட்டும் கூடாது.

கன்வெக்ஷன்லயும் கிரில்லயும் 180, 200 டிகிரி அனல். அங்க கேக் டின், அலுமினியத் தட்டு தாராளமா வைக்கலாம். ஆனா "மைக்ரோவேவ் சேஃப்"னு அச்சடிச்ச பிளாஸ்டிக்கா இருந்தாலும் உருகி ஒழுகும். (நான் ஒரு டப்பாவை உருக்கித்தான் இதைக் கத்துக்கிட்டேன். தங்கமணி இன்னும் அந்த டப்பா பேரைச் சொல்லியே என்னைத் திட்டறா.) பேப்பர் நாப்கின் வெச்சா தீப்பிடிக்கும். ஓவனோட சுவர், கதவு, ரேக் எல்லாமே சுடும், கையுறை இல்லாம தொடக்கூடாது. ரெண்டு மோடும் சேர்ந்து ஓடுற காம்பில, கம்பெனிக்காரன் கூடவே குடுத்த ரேக்கைத் தவிர வேற உலோகம் வேண்டாம், கையேடு அனுமதிச்சா ஒழிய.

கத்துக்குடுக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு:

முட்டையை ஓட்டோட வைக்காதீங்க. உரிச்ச அவிச்ச முட்டையும் முழுசா வெச்சா வெடிக்கும், சில சமயம் வாயில வைக்கும்போது. உருளைக்கிழங்கு, கத்திரிக்காயை முள்கரண்டியால குத்திட்டு வைங்க. மூடியை இறுக்கி மூடாதீங்க. திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாத் திறங்க, ஆவி அடிக்கும். எண்ணெய் காய்ச்சிப் பொரிக்கிற வேலை இதுல வேண்டவே வேண்டாம். குழந்தையோட பால் பாட்டிலை உள்ள வைக்காதீங்க. ஒரு பக்கம் வெதுவெதுப்பாவும் நடுவுல கொதிச்சும் இருக்கும்.

சாதம், குழம்பு சூடு பண்ணும்போது பாதியில நிறுத்திக் கிளறுங்க. அலை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழம்தான் போகும், நடுவுல இருக்கிறது பக்கத்துச் சூட்டுலதான் சூடாகணும். அதனால எடுத்ததும் ரெண்டு நிமிஷம் விட்டுடுங்க. நடுவுலயும் ஆவி பறக்கணும், 74 டிகிரின்னு கணக்கு. காலைல வடிச்ச சாதத்தை வெயில் காலத்துல மதியம் வரைக்கும் மேடையிலேயே விட்டுட்டு "சூடு பண்ணிக்கோ"ன்னு சொல்லாதீங்க. அதுல ஊறுற ஒரு கிருமியோட நஞ்சு சூடு பண்ணினாலும் சாகாது. ஆறவெச்சு ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டுக் கிளம்புங்க.

கன்வெக்ஷன் ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும், 9 ஆம்பியர் வரும். 6 ஆம்பியர் சாக்கெட்ல அடாப்டர் போட்டு மாட்டினா ஒயர் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட்ல நேரா மாட்டுங்க. பின்னாடியும் மேலயும் காத்து போக இடம் விடுங்க. கதவு கோணலாப் போச்சு, ரப்பர் கிழிஞ்சதுன்னா அன்னிக்கே நிறுத்துங்க, கசிவுக்குப் பயப்பட வேண்டிய இடம் அதுதான். தெருமுனை எலக்ட்ரீஷியனை விட்டு மேல்மூடியைக் கழட்ட வைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல ஆளையே கொல்ற அளவு மின்சாரம் தேங்கி நிக்கும்.

"எதுக்குய்யா இவ்வளவு வம்பு? நம்ம அம்மாவெல்லாம் அடுப்புலதானே பண்ணினாங்க"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். தாளிப்பு, ரசம், தோசை எல்லாம் எங்க வீட்டுலயும் அடுப்புலதான். கன்வெக்ஷன்ல நாப்பது நிமிஷம் ஓட்டினா ஒரு யூனிட் கரண்ட் போகும், அதுல ரெண்டு உருளைக்கிழங்கு சுடறது வெட்டிச் செலவு. ஆனா பதினோரு வயசுப் பொண்ணு தனியா இருக்கிற வீட்டுல எது மேல்? தீயை மூட்டி, அணைக்க மறந்தா எரிஞ்சுக்கிட்டே இருக்கிற அடுப்பா, ரெண்டு நிமிஷத்துல தானா நின்னு மணியடிக்கிற பெட்டியா? அம்மா காலத்துல வீட்டுல நாலு பேர் இருந்தாங்க. இங்க கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் கிடையாது. பழைய அடுப்பைப் புகழ்றவங்க அந்த ரெண்டரை மணிக்கு வந்து சாதம் சூடு பண்ணிக் குடுக்கத் தயாரா?

அன்னிக்கு ராத்திரி கட்டோட உக்காந்திருந்த அம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. "ஏண்டா, அத்தனை ரூபா குடுத்து வாங்கினியே, இது எப்படின்னு ஒரு பத்து நிமிஷம் உக்காந்து எனக்குச் சொல்லக்கூடாதா?" என்கிட்ட பதில் இல்ல. கையேடு இங்கிலீஷ்லயும் இந்திலயும் இருந்துச்சு, பட்டன் எல்லாம் இங்கிலீஷ். அம்மா தமிழ்ல நாவல் நாவலாப் படிப்பாங்க. அந்தப் பெட்டிக்கு முன்னாடி மட்டும் அவங்களைப் படிக்கத் தெரியாதவங்களா நிறுத்தி வெச்சது நான்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நாலு பேரும் உக்காந்தோம். ஒரு முழுத்தாள்ல நான் சொல்லச் சொல்ல பொண்ணு தமிழ்ல எழுதினா. பட்டன் பக்கத்துல சின்னச் சின்னத் துண்டு ஒட்டினோம்: "அலை", "அனல்", "மேல் சூடு", "நிறுத்து". கடைசி வரி அம்மா சொன்னது: "சுட்டா, குழாய்த் தண்ணிய இருபது நிமிஷம் விடு. பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்." அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு.

உங்க வீட்டுலயும் பெரியவங்க வந்து தங்குவாங்க, குழந்தை தனியா இருக்கும், சமையலுக்கு ஆள் வரும். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச மொழியில ஒரு தாள் எழுதுங்க, பக்கத்துல நின்னு ஒரு டம்ளர் தண்ணிய அவங்களையே சூடு பண்ண வைங்க. அடுத்த தடவை குரூப்ல ரேடியேஷன் ஃபார்வர்டு வந்தா, பதிலுக்கு அந்தத் தாளைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

பி.கு: அம்மா இப்போ மைக்ரோவேவ்ல ஒரு நிமிஷத்துல அப்பளம் சுடறாங்க. கண்ணாடிக்கு நேரா நின்னு பார்த்துக்கிட்டே. "எண்ணெய் இல்லாததெல்லாம் ஒரு அப்பளமாடா?"ன்னும் கேக்கறாங்க. அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.