மாவு சொல்லும் அறிவியல்



பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றதும் அப்பா, அம்மாவைக் கடைக்கு இழுத்துப் போகிறீர்கள். ரெடிமேடாக எரிமலை மாடல் வாங்கி வந்து, அதன் பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அது அறிவியல் இல்லை. நீங்களே ஒரு கேள்வி கேட்டு, நீங்களே விடை தேடுவதுதான் அறிவியல். அதற்கு வீட்டுச் சமையலறையே போதும்.

ஓசூர்க் குளிரில், மார்கழி மாதம் இட்லி மாவு லேசில் பொங்காது. சுமார் 50 கி.மீ. தள்ளியுள்ள கிருஷ்ணகிரி தாழ்வான ஊர்; அங்கே குளிர் குறைவு. அப்படியானால், மாவு பொங்குவதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பு உண்டா? சோதித்துப் பார்ப்போமா!

அப்போதுதான் அரைத்துக் கரைத்த மாவை, ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு ஊற்றுங்கள். மாவின் மட்டத்தை வெளிப்பக்கம் பேனாவால் கோடு போடுங்கள். ஒன்றைச் சமையல் மேடையிலும், மற்றதை ஃபிரிட்ஜிலும் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையா? டம்ளரில் ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வையுங்கள். எது அதிகம் பொங்கும் என்று உங்கள் ஊகத்தை முதலிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள். காலையில் ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

மாவில் உள்ள நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளிவிடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. குளிரில் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிவிடும். மாவும் வீணாகாது, தோசை வார்த்துவிடலாம்!

ஊகம் தப்பாகிவிட்டதா? ரப்பரால் அழிக்காதீர்கள். அதுவும் நீங்கள் கண்டுபிடித்ததுதான். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் உங்கள் அப்பா, அம்மாவைக் கேளுங்கள். ஒரு பாகம் சரியாக வராவிட்டால் அளப்பார்கள், குறித்து வைப்பார்கள், காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். நீங்கள் செய்வதும் அதே வேலைதான்.

புனேயில் லாரி தொழிற்சாலை என்ஜினீயராக இருந்தவர் அரவிந்த் குப்தா. 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்துக்குச் சென்றார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்தே குழந்தைகளுக்கு வடிவங்களைக் கற்பித்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விலை உயர்ந்த பொருள் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு கட்டுப்பாடுகள் மட்டும் உண்டு. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அடுப்பு, கத்தியைத் தொடக்கூடாது. சோதனைப் பொருளை ருசி பார்க்கக் கூடாது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை மாவைச் சிந்தினால் திட்டாதீர்கள், துடைக்கத் துணியைக் கொடுங்கள்.

குட்டிகளே, அடுத்த கேள்வி: உப்பு போட்ட மாவு, உப்பு போடாத மாவு, இரண்டில் எது முதலில் பொங்கும்? விடையை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் டம்ளர் சொல்லும்!