லடாக் வானில் தென்பட்ட ஒளி: இராணுவ விசாரணை உணர்த்துவது என்ன?

இந்திய-சீன எல்லையில் உள்ள லடாக் பகுதியில், 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, அடையாளம் தெரியாத ஒளிரும் பொருட்கள் வானில் தென்பட்டதாக இந்தியப் படையினர் 329 முறை பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை அவை உண்மையான கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து வந்ததாகவும் குறிக்கப்பட்டது. சீனாவின் ஆளில்லா வேவு விமானங்களாக இவை இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது.

ஆனால் அவை வியாழன், வெள்ளி ஆகிய கோள்களே என்று விசாரணையில் தெரியவந்ததாக 2013 ஜூலையில் செய்திகள் வெளியாயின.

இச்செய்தி அப்போது பரவலாக நகைப்புக்குள்ளானது. எனினும், இப்பொருட்கள் காணப்பட்ட பாங்கொங் ஏரிப் பகுதியில் எல்லைக் கோடு எது என்பதிலேயே இரு நாடுகளுக்கும் உடன்பாடு இல்லை. 2013 ஏப்ரலில் லடாக்கின் தெப்சாங் பகுதியில் சீனப் படையினர் கூடாரம் அமைத்ததை அடுத்து, இரு தரப்புப் படைகளும் சுமார் மூன்று வாரங்கள் எதிரெதிரே நின்றன. இத்தகைய சூழலில், 155 ஊடுருவல்கள் என்பது ஒரு நாட்டின் மீதான குற்றச்சாட்டாகவே மாறிவிடக்கூடும்.

படையினரின் தவறு புரிந்துகொள்ளக் கூடியதே. கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தது. அங்கு கோள்கள் வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரியும். இருண்ட வானில் தனித்த ஓர் ஒளிப்புள்ளியை நெடுநேரம் உற்று நோக்கினால், அது அசைவது போன்ற தோற்றமும் ஏற்படும். வேவு விமானம் வரும் என்று எதிர்பார்த்திருக்கும் காவலருக்கு, தான் காண்பது விமானமே என்று தோன்றுவதில் வியப்பில்லை.

பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்ட பின்னரே விடை கிடைத்தது. ஒளி தென்பட்ட நேரத்தையும், நட்சத்திரங்களுடன் ஒப்பிடுகையில் அது இருந்த இடத்தையும் பதிவு செய்யுமாறு படையினரிடம் கூறப்பட்டது. அந்தப் பதிவுகள் கோள்களின் பாதையுடன் பொருந்தின.

இதற்கு மாறான ஓர் அனுபவம் அமெரிக்காவுக்கு ஏற்பட்டது. 2023 பிப்ரவரி 4 ஆம் தேதி சீன பலூன் ஒன்றைச் சுட்டு வீழ்த்திய அந்நாடு, அதே மாதம் 10 முதல் 12 வரை அலாஸ்கா, கனடாவின் யூகோன், ஹியூரன் ஏரி ஆகியவற்றின் வான்பரப்பில் மேலும் மூன்று பொருட்களை வீழ்த்தியது. அவை தனியார் நிறுவனங்கள் அல்லது ஆய்வு அமைப்புகளுக்குச் சொந்தமான பலூன்களாக இருக்கலாம் என்று அப்போதைய அதிபர் ஜோ பைடன் சில நாட்களில் கூறினார்.

லடாக்கில் அத்தகைய அவசரம் காட்டப்படவில்லை. ஆனால் அந்த எல்லையின் பதற்றம் பின்னர் அதிகரித்தது. 2020 ஜூன் 15 ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்தியப் படையினர் 20 பேர் உயிரிழந்தனர். இருதரப்பும் ஆளில்லா விமானங்களை உண்மையிலேயே பயன்படுத்தும் எல்லையில், காண்பது எது என்பதை அளந்து அறிந்த பின்னரே முடிவெடுக்கும் நடைமுறை, வானியல் ஆர்வத்தைவிட அமைதிக்கே அதிகம் தேவைப்படுகிறது.