பட்டப்பகலில் பைக் லைட் எரியணுமா? 2017 விதி முதல் அஸ்தம்பட்டி ரோடு வரை

"அண்ணா, லைட் எரியுது பாருங்க!"

2017-ல் புது பைக் வாங்கிய யாரும் இந்தக் குரலைக் கேட்காமல் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டியிருக்க மாட்டார்கள். எதிரில் வருபவர் விரல்களை மூடித் திறந்து சைகை காட்டுவார். "இதை அணைக்க முடியாதுங்க" என்று வண்டிக்காரர் பதில் சொல்வதற்குள் அவர் போயிருப்பார்.

இப்போது அந்தச் சைகை குறைந்துவிட்டது. ஆனால் கேள்விகள் தீரவில்லை. வெயில் இப்படிக் கொளுத்தும் ஊரில் பகலில் லைட் எதுக்கு? பேட்டரி போயிடாதா? மெக்கானிக்கிட்ட சொல்லி ஒரு ஸ்விட்ச் வெச்சுக்கலாமா? பழைய வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதி என்ன சொல்கிறது?

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில் ஏ.ஹெச்.ஓ கட்டாயம். அதாவது 'ஆட்டோமேட்டிக் ஹெட்லேம்ப் ஆன்'. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஹெட்லைட் தானாக எரியும், இன்ஜின் நின்றால் அணையும். நடுவில் அணைக்க ஸ்விட்ச் கிடையாது. ஹை பீம், லோ பீம் மாற்றும் பட்டன் மட்டும்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்த விதி வண்டியைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கானது. 2017-க்கு முன் வாங்கிய வண்டியில் இந்த வசதியைப் பொருத்தியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் ரோட்டில் லைட் எரியும் வண்டியும் எரியாத வண்டியும் கலந்தே ஓடுகின்றன.

கோவை டாக்டர் போட்ட வழக்கு

இந்த விதிக்குப் பின்னால் கொங்கு மண்டலத்தில் இருந்து கிளம்பிய ஒரு வழக்கு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்து மரணங்களைத் தடுக்க நடவடிக்கை கோரி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். அந்த வழக்கில்தான் 2014 ஏப்ரலில், நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை நீதிமன்றம் அமைத்தது.

பகலிலும் பைக் விளக்கு எரிய வேண்டும் என்பது இந்தக் குழு வலியுறுத்தியவற்றில் ஒன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதை 2016-ல் விதியாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

வெளிச்சம் இருக்கும்போது லைட் எதுக்கு?

இரவில் லைட் போடுவது நாம் ரோட்டைப் பார்க்க. பகலில் லைட் எரிவது மற்றவர்கள் நம்மைப் பார்க்க. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981-ல் அறிக்கை வெளியானது. பைக்கும் இன்னொரு வாகனமும் மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டில், பைக்குக்கு வழிவிட வேண்டிய அந்த வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்திருந்தது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஓட்டுநர் பைக்கைக் கவனிக்கவே இல்லை, அல்லது கவனித்தபோது நேரம் கடந்திருந்தது.

இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. நேர் எதிரில் இருந்து பார்த்தால் பைக் ரொம்பக் குறுகலான உருவம். பின்னால் பஸ், மரம், கடை போர்டு என்று இருந்தால் அதில் கரைந்துவிடும். கிளைச் சாலையில் இருந்து திரும்பும் ஓட்டுநர் கார், லாரி வருகிறதா என்று தேடுகிறார். கண் பைக் மீது பட்டாலும் மூளை அதைப் பதிவு செய்வதில்லை. விபத்துக்குப் பிறகு "பாத்துட்டுதாங்க திரும்பினேன், வண்டி வந்ததே தெரியல" என்று அவர் சொல்வது பல நேரம் உண்மைதான். எரியும் விளக்கு இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது பின்னணியில் இருந்து பைக்கைப் பிரித்துக் காட்டும்.

'அதெல்லாம் குளிர் நாட்டுக்குத்தானே?'

விதி வந்தபோது அதிகம் கேட்ட வாதம் இது. பகல் விளக்குப் பழக்கம் வட ஐரோப்பாவில் வேரூன்றியது என்பது உண்மை. ஸ்வீடன் 1977-லேயே எல்லா வாகனங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அங்கே குளிர்காலப் பகல் மங்கலாகவே இருக்கும். நமக்கு எதற்கு என்று கேட்பது நியாயம்தான்.

ஆனால் நம்மைப் போலவே வெயில் அடிக்கும், இடதுபக்கம் வண்டி ஓட்டும், பைக் நிறைந்த நாடு ஒன்று இருக்கிறது. மலேசியா 1992-ல் பைக் ஓட்டிகள் பகலில் ஹெட்லைட் போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. செரம்பான், ஷா ஆலம் பகுதி விபத்துகளை ஆராய்ந்தவர்கள், 'கண்ணில் படாததால் நடக்கும்' வகை பைக் விபத்துகள் சுமார் 29% குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். சிங்கப்பூரும் 1995 நவம்பர் முதல் இதைக் கட்டாயமாக்கியது. ஆக, வெயில் ஊரிலும் லைட்டுக்கு வேலை இருக்கிறது.

அஸ்தம்பட்டி – ஏற்காடு ரோட்டில் எப்படி?

அஸ்தம்பட்டியில் இருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் போகும் ரோட்டை எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் ஸ்கூட்டர், டவுன் பஸ், ஆட்டோ, வார இறுதியில் வெளியூர் கார்கள் என எல்லாம் ஒரே ரோட்டில். இருபுறமும் தெருக்கள் வந்து சேருகின்றன. தெருவில் இருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும் கார், ரோட்டில் நேராக வரும் பைக்: ஹர்ட் அறிக்கை சொல்லும் அதே சூழல்.

அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே மர நிழலும் வெயிலும் மாறி மாறி வரும். வெயிலில் இருந்து பார்க்கும் கண்ணுக்கு நிழலுக்குள் வரும் கறுப்பு பைக் சட்டென்று தெரியாது. விளக்கு எரிந்தால் தெரியும். பனி இறங்கும் காலையில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் உயிரிழப்பு குறையவில்லை?

மத்திய அரசின் கணக்குப்படி 2016-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 34.8% பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 2022-ல் இது 44.5%. அந்த ஆண்டு மொத்த மரணம் 1,68,491. தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர்.

இதைப் பார்த்து 'லைட் விதி தோற்றுவிட்டது' என்று சொல்லத் தோன்றும். அது அவசர முடிவு. இடையில் ரோட்டில் ஓடும் பைக்குகள் பெருகியிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஹெட்லைட் தடுக்கக்கூடியது ஒரே ஒரு வகை விபத்தைத்தான். பின்னால் இருந்து லாரி இடித்தால் முன்னால் எரியும் விளக்கு உதவாது. அதிவேகம், குடி, ஹெல்மெட் இல்லாத தலை, ரோட்டுக் குழி எதற்கும் அது மருந்தில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. லைட் 'பைக் வருது' என்று சொல்லும், 'எவ்வளவு வேகமா வருது' என்று சொல்லாது. சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவே கண் நினைக்கும். ஒற்றை விளக்கை வைத்து வேகத்தைக் கணிப்பது கார் ஓட்டுநருக்குக் கஷ்டம். அதனால் விளக்கு எரிகிறது என்ற தைரியத்தில் சந்திப்பில் வேகம் எடுத்தால் அதன் பலன் அங்கேயே போய்விடும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது முழுக்கத் தவறா?

இல்லை. ஆஸ்திரியா 2005-ல் கார்களுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரியில் திரும்பப் பெற்றது. எல்லா வாகனமும் ஒளிர்ந்தால், ஒளிராத பாதசாரியும் சைக்கிள்காரரும் கண்ணில் இருந்து மறைந்துவிடுவார்கள், பைக்கின் தனித்த அடையாளமும் போய்விடும் என்பது அங்கே எழுந்த வாதம். காலையில் சைக்கிளில் பால் கொண்டு போகிறவரும் ரோட்டைக் கடக்கும் பள்ளிக்குழந்தையும் இருக்கும் நம் ஊருக்கு அந்தக் கவலை பொருந்தும்.

ஆனால் அதற்குத் தீர்வு பைக் விளக்கை அணைப்பது அல்ல, விளக்கைச் சரியான அளவில் வைப்பது. நம்மிடம் நிஜமான பிரச்சினை ஹை பீம்தான். முந்தின நாள் ராத்திரி ஹை பீமில் விட்ட வண்டி, மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அப்படியே எதிராளி கண்ணில் அடிக்கும்.

பேட்டரி, பெட்ரோல் தீர்ந்துவிடுமா?

இன்ஜின் ஓடும்போது மின்சாரத்தை உற்பத்தி செய்வது ஸ்டேட்டர் காயில். பேட்டரி அதில் சார்ஜ் ஆகிறது. பழைய 100 சிசி பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் நேரடியாக அந்தக் காயிலில் இருந்தே எரியும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

சாதாரண ஹாலஜன் பல்பின் அளவு 35 வாட்ஸ், எல்இடி என்றால் அதைவிடக் குறைவு. தவிர, சிறிய வண்டிகள் பலவற்றில் காயில் உற்பத்தி செய்யும் மின்சாரம் மிஞ்சினால், ரெகுலேட்டர் அதை வெப்பமாக்கி வீணடித்துவிடும். அதாவது லைட்டை அணைத்தால் பெட்ரோல் பெரிதாக மிச்சமாகப் போவதில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

புது வண்டி என்றால், ஸ்விட்ச் வைக்க வேண்டாம். வயரிங்கை வெட்டினால் வாரண்டியில் சிக்கல் வரலாம். அனுமதி இல்லாத மாற்றங்களுக்கு, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது.

பழைய வண்டி என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் பகலில் லோ பீம் போடுவது நல்லது. பக்கத்தில் வரும் புது வண்டிகள் எல்லாம் ஒளிரும்போது, ஒளிராத வண்டிதான் கண்ணில் படாமல் போகும். இறங்கும்போது சாவியோடு லைட் ஸ்விட்ச்சையும் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த வண்டியாக இருந்தாலும், கிளம்பும்போது மீட்டரில் நீல நிற விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஹை பீம். ஒரு தட்டு தட்டி லோ பீமுக்கு மாற்றிவிடலாம்.

ஹெல்மெட் வாங்கும்போது நிறத்தையும் யோசிக்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து, 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, பகலில் லைட் போட்டவர்களுக்கு விபத்துக் காயம் ஏற்படும் வாய்ப்பு 27% குறைவு என்றது. கறுப்பு ஹெல்மெட்டை விட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24% குறைவு. பளிச்சென்ற பிரதிபலிக்கும் உடை அணிந்தவர்களுக்கு 37% குறைவு.

பகல் லைட் ஒரு சின்ன ஏற்பாடு. வண்டிக்காரருக்கு அதனால் பெரிய செலவில்லை. தெருமுனையில் திரும்பப் போகும் ஒரு கார் ஓட்டுநர் அதைப் பார்த்து பிரேக் மேல் கால் வைத்தாலே போதும், அது தன் வேலையைச் செய்துவிட்டது.