விட்டுவிட்டு வந்தவர்

எங்கள் ஒழுங்கையில் ஒரு நானா இருந்தார். நான் சின்னவளாக இருந்தபோது சைக்கிளில் ஏற்றிச் சென்று மத்ரஸாவில் விட்டவர். பிறகு தூள் பழக்கத்தில் விழுந்தார். முதலில் உம்மாவின் வளையல் போனது. பிறகு காஸ் சிலிண்டர். கடைசியில் ஒரு புனர்வாழ்வு நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். சில மாதங்களில் உடம்பு தேறித் திரும்பி வந்தார். பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நின்றார். ஒழுங்கையே சந்தோஷப்பட்டது. மூன்றாவது வாரம் அவருடைய ஜனாஸா.

தூளின் அளவு கூடி மூச்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். "திருந்தாதவன்" என்றது ஊர். நானும் அப்படித்தான் நினைத்தேன். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, நரம்புத் தொகுதியைப் பற்றித் தேடித் தேடி வாசித்தபோதுதான் அந்தச் சொல்லுக்காக வெட்கப்பட்டேன்.

ஹெரோயின் மூளையிலுள்ள சில வாங்கிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் உடல் அதற்குப் பழகுவதால் அளவு கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் வாந்தி, வயிற்றோட்டம், எலும்புக்குள் நோவு, தூக்கமின்மை. சில நாட்களில் இவை அடங்கும். ஏக்கம் மட்டும் அடங்காது. மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தவரின் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடும். ஆனால் மனதில் நிற்பது பழைய அளவுதான். ஒரே ஒரு தடவை அந்த அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அந்த வாரங்களில்தான் நாம் "அல்ஹம்துலில்லாஹ், விட்டுவிட்டான்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

இதற்கு மருந்து இருக்கிறது. நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு வைத்தியர்கள் 22 நோயாளிகளுக்கு மெதடோன் கொடுத்துப் பார்த்த முடிவை 1965இல் வெளியிட்டார்கள். பின்னர் நாக்கின் கீழ் வைத்துக் கரைக்கும் பியூப்ரினோர்ஃபின் வந்தது. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதை உம்மாவிடம் சொன்னேன். "அப்ப அதும் போதைதானே மகள்? ஒன்றை விட்டு இன்னொன்றா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மெதடோனும் அதே வாங்கிகளில்தான் ஒட்டுகிறது. உடல் அதற்கும் பழகும், திடீரென நிறுத்தினால் வருத்தும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஹெரோயின் சடுதியாக ஏறி, சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். அதனால் ஒரு நாளைக்குப் பல தடவை அதைத் தேடி ஓட வேண்டும், அதற்காகத் திருட வேண்டும். மெதடோனை வாயால் குடிப்பார்கள். மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கமும் இல்லை, ஏக்கமும் இல்லை. காலையில் மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் மலேசியாவைப் பாருங்கள். அங்கே 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போதைக்கு அடிமையானவர்களை இரண்டு வருடம் கட்டாய நிலையங்களில் வைத்தார்கள். 2005இல் மெதடோன் திட்டம் தொடங்கியது. 2010இல் கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு, மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். தொழுகையும் ஆலோசனையும் மருந்தும் ஒரே வளவுக்குள். அந்த நாட்டைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டாய நிலையங்களிலிருந்து வெளியே வந்தவர்களில் பாதிப்பேர் ஏறக்குறைய 31 நாட்களுக்குள் மீண்டும் போதைக்குத் திரும்பியிருந்தார்கள். மெதடோனோடு சுயவிருப்ப சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேர் திரும்ப ஏறக்குறைய 352 நாட்கள் சென்றன. எல்லோரும் குணமாகவில்லை என்பதையும் அந்த எண் சொல்கிறது. ஆனால் ஒரு உம்மாவுக்கு அந்த வித்தியாசம் சிறியதா?

நம் நாட்டில் 2023 டிசம்பரில் "யுக்திய" நடவடிக்கை தொடங்கியபோது, தினமும் எத்தனை பேர் கைதானார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அவர்கள் வெளியே வந்த பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் வாசிக்கவில்லை. விற்பவர்களைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடித்து அடைத்து வெளியே விடுவதோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ணுவதைத்தான் குறை சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் இந்த மருந்து சரிவராது. இப்போது பரவியிருக்கும் "ஐஸ்" வேறு வகை. அதற்கு மெதடோன் உதவாது. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் எடுத்தால், தூக்க மாத்திரையோடு கலந்தால், மெதடோனே உயிரை எடுத்துவிடும். வீட்டில் சிறு பிள்ளைகளின் கைக்கு அது எட்டக்கூடாது.

நானாவின் உம்மா இன்னும் எங்கள் வீட்டுக்கு வருவார். "முழுசா விட்டுட்டுத்தானே மகள் வந்தான்" என்பார். நான் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். வேறு ஒன்றும் சொல்ல வருவதில்லை.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் அப்படித் திரும்பி வந்தால், அந்த வாரமே அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்தால், "இதை எப்போது விடப் போகிறாய்?" என்று மூன்றாம் மாதமே கேட்காதீர்கள். அதை அவரும் வைத்தியரும் பேசி முடிவெடுக்கட்டும்.