ஏழு படியா, ஒன்பது படியா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணம் பண்ணிப் பார்த்தாயிற்று. இருபது வருஷம் தாக்குப் பிடித்தும் ஆயிற்று. இன்னொன்றை மட்டும் ஏன் பாக்கி வைக்க வேண்டும் என்று 2022-ஆம் வருஷம் தை மாதம் அம்பத்தூரில் பூமி பூஜை போட்டுவிட்டோம்.

போன இதழில் மனை வாங்கிய கதையைச் சொன்னேன் அல்லவா? அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. அதற்கே என் கழுத்தும் கையும் லேசாகிவிட்டன. இந்த இதழில் கட்டிய கதை. பாதி சிரிப்பு, பாதி கண்ணீர். எங்கே எது வருகிறது என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

எங்களுக்கு வாய்த்த மேஸ்திரி நல்ல மனிதர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், முப்பது வருஷ அனுபவம். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை அர்த்தம்! 'நாளைக்குச் செய்கிறேன்', 'செய்ய மாட்டேன்', 'மறந்தே போச்சு', 'நீங்களும் மறந்துடுங்க' எல்லாமே அதில் அடக்கம். சனிக்கிழமை கூலி வாங்கும்போது "திங்கக்கிழமை ஏழு மணிக்கு டாண்ணு வந்துடுவோம்மா" என்பார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்காதது என் தப்புதான்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பேன். லாரி பேக்கரைப் பற்றி அப்படித்தான் படித்தேன். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் குடியேறி, செலவு குறைந்த வீடுகளைக் கட்டியவர். 1990-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 'எலிப்பொறிக் கட்டு' என்று ஒரு முறையை அவர் நிறையக் கையாண்டார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காலி இடம் விட்டுக் கட்டுவது. கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் வெயில் சூடும் சட்டென்று உள்ளே இறங்காது.

ஓடிப்போய் மேஸ்திரியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏம்மா, வீடு உங்களுக்கா, எலிக்கா?"

சித்தாள் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? தெரியாத வேலையை வற்புறுத்திச் செய்யச் சொன்னால் சுவருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. எப்போதும் போலக் கட்டச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விட்டுக் கொடுக்கவில்லை. அது பேஸ்மட்டத்தின் உயரம்.

காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் மழையின்போது நாங்கள் கொரட்டூரில் வாடகை வீட்டில் இருந்தோம். ராத்திரி வாசலில் இருந்த தண்ணீர் விடிவதற்குள் முழங்கால் அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. அரிசி டின் மிதந்தது. பிள்ளைகளின் புத்தகங்கள் கஞ்சியாகிவிட்டன. மூட்டு வலிக்கார மாமியார் கட்டில் மேல் நாற்காலியைப் போட்டு அதில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். காலையில் முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் வந்து அவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்பத்தூர், கொரட்டூர், புழல் என்று சுற்றிலும் ஏரிகள் இருக்கிற பூமி இது. அதனால் சாலையிலிருந்து மூன்றரை அடி உயரம் வேண்டும் என்றேன். மேஸ்திரி இரண்டடி போதும் என்றார். "மண்ணு ரொப்பவே அம்பதாயிரம் கூட ஆகும்மா" என்றார். இவரும் தயங்கினார். ஆண்பிள்ளைகளுக்குச் செலவுக் கணக்குதானே முதலில் கண்ணில் படும்! நான் பிடித்த பிடியில் நின்றேன். சாலை போடுகிறபோதெல்லாம் பழையது மேலேயே புதியதைப் போட்டு ஏற்றிக்கொண்டே போனால், இன்றைய இரண்டடி நாளைக்கு ஒரு அடிதான். கடைசியில் மூன்றரை அடியே முடிவாயிற்று. கையில் மிச்சமிருந்த இரண்டு வளையலும் அந்த மண்ணோடு மண்ணாகப் போயின.

அன்று சாயங்காலம் அத்தை வேலை நடக்கிற இடத்துக்கு வந்து பார்த்தார்கள். பேஸ்மட்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏழு படி ஏறணுமேம்மா? என்னை உள்ளே தூக்கி வெச்சுட்டா, அப்புறம் நான் வாசலுக்கே வர முடியாது போலிருக்கே."

சுருக்கென்றது. தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அவர்களை உள்ளேயே சிறை வைக்கப் பார்த்தேனே! மூன்றரை அடி என்றால் 42 அங்குலம். ஏழு படி என்றால் படிக்கு ஆறு அங்குலம். நமக்கு அது பெரிதில்லை. தேய்ந்த மூட்டுக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை.

ராத்திரி முழுக்க மகனின் கணக்கு நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன். எட்டுப் படி வைத்தால் ஐந்தேகால் அங்குலம். காலையில் மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் பதறிப் போனார்.

"எட்டா? ரெட்டைப்படையில படி வெக்கவே கூடாதும்மா! குடும்பத்துக்கு ஆகாது."

"அப்போ ஒன்பதா வெச்சுடுங்க" என்றேன்.

இப்படித்தான் சாஸ்திரமும் மூட்டுவலியும் ஒன்று சேர்ந்து எங்களுக்கு ஒன்பது படி கொடுத்தன. ஒவ்வொன்றும் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. இத்தனை படிக்கும் நேரே நீள இடம் இல்லாததால் சுவரோரமாகப் பக்கவாட்டில் திருப்பினோம். நடுவில் ஒரு படியை மட்டும் அகலமாக விட்டோம், அத்தை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள. இவருடைய ஸ்கூட்டர் நிறுத்த வைத்திருந்த இடம் அதோடு போயிற்று. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டருக்கு மூட்டுவலி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி மாதத்தில் எங்கேயோ உக்ரைனில் சண்டை மூண்டது. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். இவர் கம்பிக் கடையிலிருந்து வந்து விலையைச் சொன்னபோதுதான் சம்பந்தம் புரிந்தது. வங்கிக்காரர்களோ லிண்டல் மட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை என்றார்கள். பணம் வந்தால்தான் லிண்டல் முடியும் என்றார் மேஸ்திரி. கோழி முதலா, முட்டை முதலா? என் தாலிச் சங்கிலி பதில் சொன்னது. மஞ்சள் கயிற்றோடு மூன்று மாதம் இருந்தேன்.

தளம் போட்டது கத்திரி வெயிலில். அன்றைக்கு வேலைக்காரர்களுக்குப் பிரியாணி போடுவது வழக்கம். போட்டோம். ஆனால் பிரியாணிக்கு முன்னால் ஒரு சண்டையும் போட்டேன். கலவையைத் தள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு பையன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கலவையில் தண்ணீர் அதிகமானால் காங்கிரீட்டின் பலம் குறையும். சாம்பாரில் தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்புக் காரம் தேடுகிற மாதிரிதான். ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினேன். "அம்மா மேஸ்திரி வந்துட்டாங்கடா" என்று அன்றையிலிருந்து எனக்குப் பட்டப் பெயர்.

ஆனால் இறுகிய பிறகு தண்ணீர்தான் காங்கிரீட்டுக்குத் தாய்ப்பால். மேலே பாத்தி கட்டிப் பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்தினோம். விடியற்காலை ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நானே போய்ப் பார்ப்பேன். துணைக்கு ஒரு சித்தாள் அம்மா வருவாள். சுவர் எழும்பாத காலத்திலிருந்து அவள் பேரக்குழந்தை எங்கள் வேப்ப மரத்துத் தூளியில்தான் தூங்கும். ஒருநாள் "எத்தனை வீடு கட்டியிருப்பே?" என்று கேட்டேன். "எண்ணலையேம்மா" என்று சிரித்தாள். "உனக்கு?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் சாப்பாட்டுக் கூடையில் இருந்த குடிசை வாடகை ரசீதை முன்பே பார்த்திருந்தேன். கிருகப் பிரவேசத்தன்று முதல் பந்தியில் அவளை அத்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் புடவை கொடுத்தேன். அது போதாது என்று எனக்கும் தெரியும்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். பூச்சு பாதி, வண்ணம் பூஜ்யம். இருந்தாலும் சொந்த வீடு!

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை. எஸ்டேட்டில் கம்பெனிகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்த நாள். எங்கள் தெருவும் ஆறாகிவிட்டது. கரண்ட் இல்லை. நான் டார்ச்சை வைத்துக்கொண்டு படியை எண்ணிக்கொண்டே இருந்தேன். முதல் படி மறைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது படியும் மறைந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதோடு நின்றது. ஒன்றரை அடித் தண்ணீர். மேஸ்திரி சொன்ன இரண்டடிக்கு வாசற்படியில் அலை அடித்திருக்கும்.

எதிர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் பதினோரு பேர் அன்றிரவு எங்கள் வீட்டில்தான். ஒரே அண்டாவில் கஞ்சி. அத்தை வாசல் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் "கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க, சின்னப் படிதான்" என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அவர்களை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

வீடு கட்டப்போகும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

தெருவில் பழைய குடித்தனக்காரர்களிடம் 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, சுவரில் அடையாளம் பார்த்து, அதற்கு மேல் பேஸ்மட்டம் போடுங்கள்.

சமையல் மேடையின் உயரத்தை மேஸ்திரியிடம் விடாதீர்கள். நின்று, முழங்கையை மடக்கி, அதற்கு நாலு விரல் கீழே அடையாளம் போடுங்கள். அதன்மேல் தினம் நிற்கப் போவது நீங்கள்தான்.

எம்-சாண்ட் என்று சொல்லிக் குவாரித் தூசியை இறக்கிவிடுவதுண்டு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி வையுங்கள். மாவு போல நிறையப் படிந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். அதிகாரி பார்ப்பதற்காக ஒரு குழாயை நட்டு வைக்காமல், நிஜமாகவே தண்ணீர் இறங்கும்படி ஜல்லி, மணல் போட்டுக் குழி எடுங்கள். 2019 கோடையில் நாம் குடத்தோடு நின்றது ஞாபகம் இருக்கிறதல்லவா?

நாங்கள் பிளான் அனுமதிக்கு நடையாய் நடந்தோம். 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் கீழ்த்தளமும் முதல் தளமுமாகக் கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. உங்களுக்குச் செருப்பு மிச்சம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இருப்பவர்களிலேயே கால் முடியாதவர் யாரோ, அவரை ஒருநாள் கூட்டிப் போய் நிறுத்திக் காட்டுங்கள். எஞ்சினீயர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

இவருடைய ஸ்கூட்டரா? இன்னும் தெருவில்தான் நிற்கிறது. அந்த மழையில் முழுகி ரிப்பேருக்கு நாலாயிரம் ஆயிற்று. அதைப் பற்றி நானாக வாயைத் திறக்கவில்லை. நல்ல குடும்பத்துக்கு அழகு அதுதானே!