கோப்பை என்னும் எடைக்கல்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையருகே டிரெய்லர் ஓட்டுநர்கள் கூடும் தேநீர்க் கடையொன்றில் நம் முன்னாள் மாணவர் ஒருவர் தீர்ப்பு வழங்கினார்: "கப்பு ஜெயிக்காத டீமு பெரிய டீமே இல்ல சார்." 2023 உலகக் கோப்பையில் ஆடிய இந்திய ஒருநாள் அணியைப் பற்றிய பேச்சு அது. ஒவ்வொரு பாரத்தையும் எடைமேடையில் ஏற்றி, ரசீதைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் இடத்தில் இப்படியொரு கண்மதிப்புத் தீர்ப்பா என்று திகைத்தோம். அங்கே நம் மறுப்பு எடுபடவில்லை. ஆகவே இங்கே எழுத நேர்ந்தது.

அவ்வணி செய்தது என்ன? அக்டோபர் 8 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை 199 ஓட்டங்களில் சுருட்டியது. பின் 2 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. கோலியும் ராகுலும் நிலைத்து நிற்க, 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதன்பின் எதிர்ப்பட்டோர் அனைவரும் வீழ்ந்தனர். இலங்கை 55 ஓட்டங்களுக்கும் தென்னாப்பிரிக்கா 83 ஓட்டங்களுக்கும் அடங்கின. ஷமி 7 ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள் எடுத்தார். இப்படித் தொடர்ந்து பத்து வெற்றிகள். நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் அதே ஆஸ்திரேலியாவிடம் அதே 6 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. கோப்பைவாதிகளின் கணக்கில் அந்த ஒரு மாலை பத்து வெற்றிகளையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது.

இறுதியாட்டத்தின் அழுத்தத்தைத் தாங்குவதே பெருமை என்பர். இவ்வாதத்தில் சாரம் இல்லாமலில்லை. டிராவிஸ் ஹெட் அன்று அடித்த 137 ஓட்டங்களை யார் மறுக்க முடியும்? கோப்பை ஆஸ்திரேலியாவுக்கே உரியது. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அன்று வென்றவர் யார் என்பது ஒரு கேள்வி, எது பெரிய அணி என்பது இன்னொரு கேள்வி. 2019இல் லார்ட்ஸில் இறுதியாட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன். பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்திடம் கோப்பையைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவ்விதியே கைவிடப்பட்டது. நியூசிலாந்து எதில் சிறியதாயிற்று?

எண்களைக் கொண்டாடினால் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. 2022 விஜய் ஹசாரே தொடரில் நம் தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506 ஓட்டங்கள் குவித்து அன்றைய உலக சாதனையைப் படைத்தது. ஜெகதீசன் மட்டும் 277. எதிரணியோ அருணாச்சலப் பிரதேசம். ஒரு வாரத்தில் காலிறுதியில் சௌராஷ்டிரத்திடம் தோற்றோம். அந்த 506ஐ ஏந்திப் பெருமை பேசினால் நாமே சிரிக்க வேண்டியதுதான். யாரை எதிர்த்து, எத்தனை முறை என்று கேட்க வேண்டாமா? 2023 அணி வென்றது, தொடரில் ஆடிய ஒன்பது எதிரணிகளையும்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இது விளங்காததல்ல. சுந்தர ராமசாமிக்கும் ப. சிங்காரத்துக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைக்கவில்லை என்று நாற்பதாண்டாக மேடைதோறும் பொருமுகிறவர்கள் நாம். அந்த நாமே தொலைக்காட்சி முன் அமர்ந்ததும் விருதுக் குழுவாகிவிடுகிறோம்.

2024இல் பார்படோசில் இருபது ஓவர் கோப்பையை வென்றதும் அதே ரோகித், கோலி, பும்ரா ஒரே இரவில் பெரியவர்களாகிவிட்டனர். மில்லர் அடித்த பந்தைப் பிடிக்கையில் சூர்யகுமாரின் கால் எல்லைக் கயிற்றில் பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று மாணவரைக் கேட்டோம்.

"டீ ஆறுது சார்" என்றார்.